கோபுரத்தில் ஏறும் ஆவி, கடலில் விழும் வெந்நீர்: வாசகர் கேள்வி-பதில்

அனல்மின் நிலையங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரையும் வீணாகும் சூட்டையும் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். கணக்குகளை 210 மெகாவாட் யூனிட் ஒன்றை வைத்துப் போட்டிருக்கிறோம். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை மூன்று இடத்திலும் அந்த அளவு யூனிட்டுகள் இருப்பதால் நம்மவர்களுக்குப் பழகிய அளவு அது.

நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இடுப்பு சிறுத்த பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை எழுகிறது. நிலக்கரிப் புகை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சரியா?
– பள்ளி ஆசிரியை, விருத்தாசலம்

இல்லை, அது நீராவி குளிர்ந்து உண்டான பனித்துளிகள். பழுப்பு நிலக்கரி எரிந்த புகை, பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் சிம்னி வழியாகப் போகிறது. பருத்த கோபுரம் நிலையத்தின் சூடேறிய தண்ணீரைக் குளிர்விக்கும் கூலிங் டவர், அதற்குள் எதுவும் எரிவதில்லை.

கோபுரத்தின் பெரும்பகுதி உள்ளே வெறும் காலி என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தண்ணீர் தெளிக்கும் குழாய்களும், அது சிதறி விழுவதற்கான தட்டிகளும் அடியில் சில மீட்டர் உயரத்துக்குத்தான் இருக்கும். மீதி உயரம் முழுவதும் காற்றை இழுப்பதற்கு. சூடும் ஈரமும் ஏறிய காற்று லேசானது, தானாக மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து புதுக்காற்று நுழையும். மின்விசிறி தேவையில்லை. கான்கிரீட் சுவரும் நினைப்பதைவிட மெல்லியது. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் சுவரின் மெல்லிய இடம் ஒரு முழம்கூட இருக்காது. அந்த வளைவுதான் காற்றுக்கு அதை வளையாமல் நிறுத்துகிறது.

இந்த வடிவக் கோபுரம் முதலில் எழுந்தது நெதர்லாந்தில், 1918-இல். வான் இட்டர்சன், கெய்ப்பர்ஸ் என்ற இரு பொறியாளர்கள் ஹேர்லன் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்காக வடிவமைத்தார்கள். இன்று ராஜஸ்தானின் காளிசிந்து நிலையத்துக் கோபுரங்கள் 202 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் அதே வெள்ளை மேகம் அடர்த்தியாகத் தெரியும், சித்திரை நடுப்பகலில் ஏறக்குறைய மறைந்துவிடும். இரண்டு நேரத்திலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நிலக்கரியின் சூட்டில் பாதியைத் தண்ணீரில் கொட்டிவிடுகிறார்கள் என்று படித்தேன். டர்பைனிலிருந்து வரும் நீராவியை எதற்குக் குளிர்வித்து, மறுபடி பாய்லரில் சூடேற்ற வேண்டும்? ஆவியாகவே திருப்பி அனுப்பினால் அவ்வளவும் மிச்சம்தானே?
– பொறியியல் மாணவர், ஈரோடு

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இது. முதலில் பங்கீடு. 210 மெகாவாட் யூனிட்டில் நிலக்கரியின் சூட்டை நூறு பங்கு என்று வைத்தால், சிம்னி வழியும் பாய்லர் சுவர் வழியும் போவது சுமார் 13. மின்சாரமாவது 36, 37. டர்பைனைச் சுழற்றிய ஆவியைத் தண்ணீராக்கும் கன்டென்சரில், குளிர்விப்பு நீரோடு போவது ஏறத்தாழ 49. நீங்கள் படித்தது சரி.

இனி திருப்பி அனுப்பும் யோசனை. பாய்லரின் அழுத்தம் 150 பார் அளவு (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்). கன்டென்சரில் 0.1 பார். ஒரு கிலோ தண்ணீரை 150 பாருக்குள் தள்ள சுமார் 20 கிலோஜூல் போதும், ஏனென்றால் தண்ணீர் அமுங்காது, இடமும் அடைக்காது. அதே ஒரு கிலோ ஆவியாக இருந்தால் 45 டிகிரியில் 15 கன மீட்டர் இடம் கேட்கும். அதை 150 பாருக்கு அமுக்க ஆயிரம் கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். டர்பைன் ஒரு கிலோ ஆவியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே ஆயிரத்து நூற்றுச் சொச்சம்தான். கம்ப்ரஸர் அத்தனையையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

இரண்டாவது காரணம் வேக்குவம். 15 கன மீட்டர் ஆவி ஒரு லிட்டர் தண்ணீராகச் சுருங்கும்போது அங்கே வெற்றிடம் பிறக்கிறது. டர்பைனின் கடைசி வரிசை பிளேடுகளுக்கு அந்த வெற்றிடம்தான் இழுவை. கன்டென்சரே இல்லாமல் ஆவியை 100 டிகிரியில் வெளியே விட்டால், அதே நிலக்கரிக்கு 30 முதல் 35 மெகாவாட் குறைந்துவிடும். சூட்டை வெளியே எடுப்பதற்கும் மின்சாரம் கிடைப்பதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானது.

சரி, 49 பங்கு அப்படியே போகட்டுமா? கொஞ்சம் மிச்சம் பிடிக்கும் வழி ஏற்கெனவே எல்லா நிலையத்திலும் இருக்கிறது. டர்பைனின் நடுவே ஐந்தாறு இடங்களில் ஆவியை உருவி, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். அந்த ஆவியின் சூடு முழுவதும் பாய்லருக்கே திரும்புகிறது, கன்டென்சருக்குப் போவதில்லை. பாய்லரிலிருந்து டர்பைனுக்கு வரும் ஆவியில் மூன்றில் ஒரு பங்கு அளவு இப்படித் திரும்புவதால்தான் நஷ்டம் 49-இல் நிற்கிறது.

எங்கள் சர்க்கரை ஆலையின் 20 மெகாவாட் கோஜென் (ஆலைக்கு ஆவியும் மின்சாரமும் சேர்ந்து தரும்) டர்பைனில் சீசன் தொடக்கத்தில் கன்டென்சர் அழுத்தம் 0.10 கிலோ. மூன்று மாதத்தில் மெல்ல ஏறி 0.15 ஆகிவிட்டது. வேக்குவம் பம்பை ஓவர்ஹால் செய்தோம், பலனில்லை. குளிர்விப்பு நீர் உள்ளே 32, வெளியே 41, எக்ஸாஸ்ட் (டர்பைனை விட்டு வரும் ஆவி) 54, ஹாட்வெல் (அந்த ஆவி தண்ணீராகி அடியில் சேரும் தொட்டி) 53 டிகிரி. லோடு மாறவில்லை. எங்கே தேடுவது?
– ஷிப்ட் இன்ஜினியர், விழுப்புரம் மாவட்டம்

நான்கு வெப்பநிலையையும் எழுதியதால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பம்பைக் கழற்றுவதற்கு முன் இதைப் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

உள்ளே வரும் நீர் 32. நம் கடலோர மாவட்டங்களுக்கு இது நல்ல அளவு, கூலிங் டவர்மேல் குற்றமில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 9 டிகிரி. லோடு மாறாமல் இந்த வித்தியாசம் 12, 13 என்று ஏறியிருந்தால் தண்ணீர் குறைவாக ஓடுகிறது என்று பொருள்: பம்ப் தேய்ந்திருக்கும், டியூப் வாயில் குப்பை அடைத்திருக்கும், அல்லது டியூப்களுக்கு நீரைப் பிரித்துவிடும் வாட்டர் பாக்ஸின் மேல்பகுதியில் காற்று தங்கியிருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை.

அடுத்தது எக்ஸாஸ்டுக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள இடைவெளி: 54-இல் 41 போக 13. நல்ல கன்டென்சரில் இது 3 முதல் 5. ஆக, சூடு டியூப் சுவரைத் தாண்ட முடியாமல் திணறுகிறது. அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். டியூபுக்கு உள்ளே அழுக்கு, இல்லை டியூபுக்கு வெளியே காற்றுப் போர்வை.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஹாட்வெல். காற்று புகுந்திருந்தால் கன்டென்சேட், அதாவது ஆவி குளிர்ந்த தண்ணீர், ஆவியின் வெப்பநிலையைவிட நாலைந்து டிகிரி குளிர்ந்து விழும். கன்டென்சேட்டில் கரைந்த ஆக்சிஜனும் ஏறும். உங்களுடையது ஒரே டிகிரி வித்தியாசம். அதோடு, காற்றுக் கசிவு பெரும்பாலும் ஒரு நாளில், ஒரு கிளாண்டிலோ வால்விலோ சட்டென்று வரும். மூன்று மாதம் படிப்படியாக ஏறுவது ஸ்கேலின், அதாவது டியூபுக்குள் படியும் உப்புப் படிவின் குணம். வேக்குவம் பம்ப் நிரபராதி.

வேக்குவத்தை உண்டாக்குவது அந்தப் பம்ப்தான் என்ற எண்ணம் பல ஆலைகளில் இருக்கிறது. ஆவி தண்ணீராவதுதான் வேக்குவத்தை உண்டாக்குகிறது. பம்புக்கு உள்ள வேலை, புகுந்த காற்றை வெளியேற்றுவது மட்டும். லிக்விட் ரிங் பம்பாக (உள்ளே சுழலும் தண்ணீர் வளையத்தால் காற்றை இழுப்பது) இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: சீல் வாட்டர் எனும் அந்த வளையத் தண்ணீர் சூடாகிவிட்டால், அந்தத் தண்ணீரே உள்ளே ஆவியாகத் தொடங்கிப் பம்பின் இழுவை கெடும். அதன் கூலரைச் சுத்தம் செய்தால் போதும்.

இனி செய்ய வேண்டியது. வாட்டர் பாக்ஸ் இரண்டாகப் பிரிந்ததாக இருந்தால் லோடைப் பாதியாக்கி ஒரு பக்கத்தைத் தனிமைப்படுத்தித் திறக்கலாம். இல்லையென்றால் ஆலை நிற்கும் நாளுக்குக் காத்திருங்கள். டியூப் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பாசி, சளிப்படலம். நைலான் பிரஷ்ஷும் தண்ணீர் ஜெட்டும் போதும். சொரசொரப்பாக இருந்தால் கொஞ்சம் சுரண்டி ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கால்சியம் கார்பனேட். நுரைக்காமல் அப்படியே கிடந்தால் சிலிக்காவோ ஜிப்சமோ; அதற்கு அமிலம் பயன்படாது, ஸ்கிரேப்பர் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கார்பனேட் என்றால் 5 சதவீத சல்ஃபாமிக் அமிலம், டியூப் உலோகத்துக்கு ஏற்ற, அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் கலந்து, கெமிக்கல் பம்ப் வைத்து அடியிலிருந்து மேலாகச் சுழற்றுங்கள். வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அமிலமே சிதையும். அரை மணிக்கொரு முறை டைட்ரேஷன் செய்து அமிலத்தின் அளவைப் பாருங்கள்; அடுத்தடுத்த இரண்டு அளவீட்டில் அமிலம் குறையவில்லை என்றால் வேலை முடிந்தது. பிறகு சோடா சாம்பல் கரைசலால் நடுநிலையாக்கி, நன்றாகக் கழுவுங்கள். ஸ்டெயின்லெஸ் டியூபாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுழற்சிக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மேல் வென்ட் திறந்திருக்கட்டும். கார்பனேட் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு நிறைய வரும், அது அடியில் தங்கும். வாட்டர் பாக்ஸுக்குள் ஆள் இறங்கும் முன் காற்றைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

சுத்தம் செய்த மறுநாள் இதே நான்கு வெப்பநிலையையும் லோடோடு சேர்த்து லாக் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஏர் சக்ஷன் வால்வைச் சற்று நேரம் மூடி, நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் (பாதரச அளவில்) வேக்குவம் விழுகிறது என்றும் குறியுங்கள். மூன்றுக்குள் இருந்தால் காற்றுக் கசிவு பற்றிக் கவலை வேண்டாம்.

நஷ்டம் எவ்வளவு என்று நிர்வாகம் கேட்கும். வேக்குவம் 10 மில்லிமீட்டர் கெட்டால் எரிபொருள் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. உங்களுக்குக் கெட்டிருப்பது 35 மில்லிமீட்டருக்கு மேல். 20 மெகாவாட்டில் மூன்று சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் 600 கிலோவாட், ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் யூனிட்.

ஸ்கேல் எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டால் அடுத்த சீசனிலும் இதே கதைதான். ஆலையின் ஸ்ப்ரே பாண்ட் (நீரைத் தெளித்துக் குளிர்விக்கும் குளம்) தண்ணீரை, டவரில் புதிதாகச் சேர்க்கும் மேக்கப் நீரில் கலக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சர்க்கரைச் சுவடு உள்ள தண்ணீரில் சளிப்படலம் கிடுகிடுவென வளரும், ஸ்கேலும் அதன்மேல் சுலபமாக ஒட்டும். புளோடவுன் (உப்பேறிய நீரை வெளியே விடுவது) கணக்கைப் பற்றி மேட்டூர் வாசகருக்குச் சொல்லியிருப்பதையும் பாருங்கள்.

கத்திரி வெயிலில் கூலிங் டவர்கள் ரொம்பத் திணறுமா?
– வாசகர், சென்னை

வெயிலைவிடப் புழுக்கம்தான் டவருக்கு எதிரி. டவர் தண்ணீரைக் குளிர்விப்பது அதில் ஒரு பகுதியை ஆவியாக்கி. ஆகவே அது நெருங்கக்கூடிய கடைசி எல்லை, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை. 40 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த ஈரக்குமிழ் அளவு 25, 26-இல் நிற்கும். 33 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 30-ஐத் தொடும். நல்ல டவர் அதைவிட நாலைந்து டிகிரி மேலே தண்ணீரைக் கொடுக்கும். எனவே மேல்காற்று வீசும் வறண்ட மே மாதப் பகலில் உள்மாவட்ட டவர் நிம்மதியாக ஓடும். மழைக்கு முந்தைய புழுக்கமான மாலையில் சென்னை டவர் தவிக்கும்.

அனல்மின் நிலையம் காவிரித் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்கிறோம். உண்மையில் எவ்வளவு? இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?
– விவசாயி, மேட்டூர்

சுழல்வது வேறு, செலவாவது வேறு. 210 மெகாவாட் யூனிட்டின் கன்டென்சரில் மணிக்குச் சுமார் 27,000 கன மீட்டர் ஓடுகிறது. உங்கள் கணக்கில் நொடிக்கு 265 கன அடி. டவர் இருந்தால் இது திரும்பத் திரும்பச் சுழல்வது, ஆற்றிலிருந்து எடுப்பது இல்லை. அதில் ஒன்றரை சதவீதம், அதாவது மணிக்கு 400 கன மீட்டர், ஆவியாகிப் போகிறது. நான்கு லட்சம் லிட்டர். முழு லோடில் ஒரு நாளைக்கு 96 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுப்படி எழுபதாயிரம் பேருக்குப் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஆவியைத் தடுக்க முடியாது. குறைக்கக்கூடியது புளோடவுன். தண்ணீர் ஆவியாகும், உப்பு பின்தங்கும். தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போவதைத் தடுக்கக் கொஞ்சம் வெளியே விட்டு, புதுத்தண்ணீர் சேர்க்க வேண்டும். மேக்கப் நீரைப் போல எத்தனை மடங்கு உப்பு வரை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. இரண்டு மடங்கு என்றால் மணிக்கு 400 கன மீட்டர் வெளியே போகும். மூன்று மடங்கு என்றால் 200. ஐந்து என்றால் 100. எட்டு என்றால் 57. இரண்டிலிருந்து ஐந்துக்குப் போனால் 300 கன மீட்டர் மிச்சம். அதற்கு ஆசிட் டோசிங்கும் ஸ்கேல் தடுக்கும் பாஸ்போனேட்டும் ஒழுங்கான கண்காணிப்பும் போதும். ஐந்திலிருந்து எட்டுக்குப் போனால் 43 கன மீட்டர்தான், மருந்துச் செலவும் ஸ்கேல் பயமும் ஏறும். எட்டு, பத்து என்று பெருமையாக அறிக்கை எழுதுபவர்களிடம் கன்டென்சர் டியூபைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

இந்த மடங்கை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளோரைடை வைத்துக் கணக்கிட்டால் 5, கால்சியத்தை வைத்துக் கணக்கிட்டால் 4 என்று வந்தால், வித்தியாசப்படும் கால்சியம் எங்கேயோ படிந்துவிட்டது. டவரின் தட்டிகளிலோ டியூப்களிலோ. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் நிலையத்தில் ஸ்கேல் திடீரென வந்து நிற்காது. பாசிக்காகக் குளோரின் போடுவதால் குளோரைடு சற்றுக் கூடிக் காட்டும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பழைய நிலையங்களுக்கு ஒரு மெகாவாட் மணிக்கு 3.5 கன மீட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. 2017-க்குப் பிந்திய நிலையங்களுக்கு 2.5 என்று சொல்லி, 2018-இல் அதை 3 ஆகத் தளர்த்தியது. கடல்நீர் பயன்படுத்துவோருக்கு இந்த வரம்பு இல்லை.

கழிவுநீரைச் சுத்திகரித்து டவருக்கு விட முடியாதா?
– வாசகி, சேலம்

முடியும். 50 கிலோமீட்டருக்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அந்த நீரைத்தான் எடுக்க வேண்டும் என்று 2016 மின்கட்டணக் கொள்கையே சொல்கிறது. நாக்பூரில் நகரக் கழிவுநீர் கோராடி மின்நிலையத்துக்குப் போகிறது. கவனிக்க வேண்டியவை இரண்டு. அம்மோனியா மிஞ்சியிருந்தால் பித்தளை டியூப்களை அரித்து விரிசல் விடச் செய்யும், போடும் குளோரினையும் தின்றுவிடும். பாஸ்பேட் மிஞ்சியிருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து கெட்டியான ஸ்கேல் ஆகும். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் இந்த நீரை டவரில் விடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

தண்ணீரே இல்லாமல் காற்றால் குளிர்வித்தால் என்ன?
– வாசகர், ராமநாதபுரம்

தென்னாப்பிரிக்காவின் மட்டிம்பா நிலையத்தில் 665 மெகாவாட் யூனிட் ஆறும் காற்றால்தான் குளிர்கின்றன. இந்தியாவில் ஜார்க்கண்டின் வடக்கு கரன்புராவில் 660 மெகாவாட் யூனிட் மூன்றுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் மிகக் குறைவாகவே போதும். ஆனால் காற்றுக் கன்டென்சருக்கு ஈரக்குமிழ்ச் சலுகை கிடையாது, 40 டிகிரி வெயில் என்றால் 40-க்கு மேல்தான் எல்லாமே. மின்சாரம் அதிகம் தேவைப்படும் அதே மதிய நேரத்தில் உற்பத்தி சரியும். பக்கவாட்டுக் காற்று வீசினால் விசிறிகள் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். கடற்கரை மாவட்டத்தில் கடல்நீர் இருக்கும்போது இதற்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்பது எங்கள் கருத்து.

வெந்நீர்க் கால்வாய் கடலில் விழும் இடத்தில் மீன் கூடுகிறது என்று சிலர் வலை போடுகிறார்கள். மீன் அத்துப்போச்சு என்று சிலர் சொல்கிறார்கள். எது நிஜம்?
– மீனவர், தூத்துக்குடி மாவட்டம்

இரண்டும் நிஜம்தான். கடல்நீரை ஒரே தடவை கன்டென்சரில் விட்டுத் திருப்பிக் கடலில் விடும் முறையில், 210 மெகாவாட்டுக்கு நொடிக்கு ஏழரை கன மீட்டர் நீர் ஏறத்தாழ 9 டிகிரி கூடுதல் சூட்டோடு வருகிறது. சூடான நீர் லேசானது என்பதால் மேலாக விரியும். சூட்டைத் தாங்கும் சில இனங்கள் இரையையும் ஓட்டத்தையும் தேடி விளிம்பில் கூடும். அங்கே வலை போட்டால் சில நாள் நிறையக் கிடைக்கும். ஆனால் குளிர்நாட்டுக் கடலில் 15 டிகிரி 22 ஆவதும், நம் கடலில் 30 டிகிரி 37 ஆவதும் ஒன்றல்ல. நம் மீனும் இறாலும் ஏற்கெனவே தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் வாழ்கின்றன. கரைந்த ஆக்சிஜனும் 30 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் என்றால் 37-இல் 5.6.

விதி இது: பழைய நிலையங்களில் கன்டென்சருக்கு உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. 1999 ஜூனுக்குப் பிந்திய கடலோர நிலையங்கள் விடும் நீரால், விழும் நீர்நிலையின் வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது. ஆழமான திறந்த கடலில் விழுந்தால் இது சீக்கிரம் கலந்துவிடும். ஆழமில்லாத கழிமுகத்தில் விழுந்தால் வற்றுப் பொழுதில் கலக்க நீரே இருக்காது. எவ்வளவு சூடு என்பதோடு எங்கே விடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

ஆனால் வெளியேறும் இடத்தை மட்டும் பார்ப்பது போதாது. நீர் உள்ளே இழுக்கப்படும் இடத்தில் மீன்முட்டையும் குஞ்சும் சல்லடை வழியாகப் போய், சூட்டிலும் குளோரினிலும் மடிகின்றன. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இழுக்கும் வாயை அகலமாக்கி வேகத்தைக் குறைத்தால் பெரிய மீன் தப்பும், முட்டை தப்பாது.

குளோரின் எதற்கு என்றால், பச்சைச் சிப்பிக்கும் கொட்டலசுக்கும். ஓடும் நீரும் இரையும் தானாக வரும் இருட்டுக் குழாய் அவற்றுக்குச் சொர்க்கம். கல்பாக்கத்தில் கடலடியில் அரை கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கக் குழாய் போட்டு நீர் எடுக்கிறார்கள். சிப்பியைச் சமாளிப்பது அங்கே பல ஆண்டு ஆராய்ச்சிப் பொருள். நாளைக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் குளோரின் விட்டால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும், நிறுத்தியதும் திறந்து தின்னும். அதனால்தான் குறைந்த அளவு விடாமல் போடுகிறார்கள். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் இருக்கக் கூடாது என்பது விதி. சொறி எனும் ஜெல்லி மீன் கூட்டமாக வந்து சல்லடையை அடைத்தால் எந்த மருந்தும் உதவாது. 2013-இல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் அணுமின் நிலையத்தில் ஒரு பெரிய யூனிட்டையே ஜெல்லி மீன்கள் நிறுத்திவிட்டன.

அவ்வளவு வெந்நீர் சும்மா போகிறதே. எங்கள் சாயப்பட்டறைக்கு 80 டிகிரி தண்ணீர் வேண்டும், அதற்காக விறகு எரிக்கிறோம். மின்நிலையத்து வெந்நீரைக் குழாயில் கொண்டுவந்தால் லாபமா?
– சாயப்பட்டறை உரிமையாளர், திருப்பூர்

லாபமில்லை. அது வெந்நீர்கூட இல்லை, 41, 42 டிகிரி வெதுவெதுப்பு. அளவு மலைபோல இருக்கிறது, தரம் இல்லை. 42 டிகிரி நீர் எவ்வளவு இருந்தாலும் அது உங்கள் தொட்டியை 80-க்கு ஏற்றாது. வழியில் குழாயிலேயே இரண்டு மூன்று டிகிரி போய்விடும், பம்ப் செலவு தனி.

இந்த வெதுவெதுப்பையும் விடாமல் முயன்றவர்கள் உண்டு. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2009-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தில், கன்டென்சரிலிருந்து வரும் கடல்நீரை வேக்குவம் அறையில் விட்டு ஆவியாக்கி நன்னீர் எடுக்கும் சோதனை நிலையத்தை அமைத்தது. நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். நூறு லிட்டர் வெதுவெதுப்பு நீரிலிருந்து ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆவி கிளம்பும் என்பதால், பெரிய அறையும் பெரிய பம்பும் வேண்டும்.

சூடு வேண்டுமென்றால் கன்டென்சருக்குப் போவதற்கு முன்பே ஆவியை எடுக்க வேண்டும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் ஆவியைப் பயன்படுத்தும் பகுதியும் சவ்வு முறைப் பகுதியுமாகச் சேர்ந்து நாளைக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. டென்மார்க்கில் பல வீடுகளைச் சூடாக்குவது இப்படி எடுத்த சூடுதான். சர்க்கரை ஆலைகளில் டர்பைனிலிருந்து உருவிய ஆவி கரும்புச்சாற்றைக் காய்ச்சுகிறது. இதில் ஒவ்வொரு டன் ஆவிக்கும் கொஞ்சம் மின்சாரத்தை இழக்கிறார்கள். ஆனால் தனி பாய்லர் வைத்துக் காய்ச்சுவதைவிட எரிபொருள் மிச்சம். உங்கள் தொழிற்பேட்டையில் பத்துப் பதினைந்து பட்டறை சேர்ந்தால், ஒரே பாய்லரும் பேக் பிரஷர் டர்பைனும் வைத்து, 4 பார் அளவில் வெளிவரும் ஆவியைப் பகிர்ந்துகொள்ளலாம். மின்சாரம் உபரியாகக் கிடைக்கும், கன்டென்சரே வேண்டாம்.

தனியாகச் செய்வதென்றால் உங்கள் வடிகாலில் ஆரம்பியுங்கள். சாயத் தொட்டியிலிருந்தும் சோப்பிங் கழுவலிலிருந்தும் சாக்கடைக்குப் போகும் நீரின் சூட்டை அளந்து பாருங்கள். பெரும்பாலான பட்டறைகளில் அது மின்நிலையத்து நீரைவிடச் சூடாக இருக்கும். நூலும் பஞ்சும் அடைக்காதபடி முன்னால் ஒரு சல்லடை வைத்து, அகல இடைவெளியுள்ள பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றைப் போட்டு, உள்ளே வரும் 28 டிகிரி நீரை அதன் வழியாக விடுங்கள். வடிகால் 65 டிகிரி என்றால் உங்கள் நீர் 50-ஐத் தாண்டி பாய்லருக்குப் போகும். 28-லிருந்து 80-க்கு ஏற்ற எரித்த விறகில் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறையும். பிளேட்டுகளை வாரம் ஒரு முறை எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ ஆள் வையுங்கள்.